தலையணை மந்திரம் மட்டும்தானா? மேக்பெத் தம்பதியைக் காட்சி காட்சியாகப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தின் நடுவில், பெரும்பாலானோர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது. ராணியாகிவிட்ட மேக்பெத்தின் மனைவி ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டு, "அரசருக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது ஒரு சில வார்த்தை பேச வேண்டும், போய்ச் சொல்" என்கிறாள். கட்டிய புருஷனிடம் பேச ஆள் விட்டு நேரம் கேட்கிறாள். இரண்டு அங்கங்களுக்கு முன்னால் இதே பெண்தான், அவன் வீட்டுக்குள் கால் வைத்த சில நிமிடங்களில், "மற்றதையெல்லாம் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்று சொன்னவள்.

இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் அந்தக் கல்யாணத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கான வழிகாட்டி இது.

இந்தக் கதையை நாம் சொல்லும்போது வழக்கமாக நான்கே வரிதான்: நல்ல வீரன், பேராசைக்காரப் பெண்டாட்டி, தலையணை மந்திரம், கொலை. கல்லூரியில் எனக்கும் அப்படித்தான் நடத்தினார்கள். மூன்று சூனியக்காரிகள் வரும் நாடகத்தில் அவளை 'நான்காவது சூனியக்காரி' என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். பல வருடம் கழித்து, பரீட்சைப் பயம் இல்லாமல், இருவரும் பேசிக்கொள்ளும் இடங்களை மட்டும் பென்சிலோடு படித்தபோதுதான் வேறு ஒரு கதை தெரிந்தது. உசுப்பேற்றுவது இரண்டு பக்கமும் நடக்கிறது. மன உறுத்தல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறுகிறது. மாறி முடிந்தபோது, உசுப்பேற்றிய ஆளுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லாமல் போகிறது.

படி 1: பிரதியும் இரண்டு பென்சிலும்

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முழுதாகப் படித்துவிடலாம். 1606 வாக்கில் எழுதப்பட்டது. அச்சுக்கு வந்தது 1623-ல், அவர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து. தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருந்தாலும் ஆங்கில மூலத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் படி 4-ல் வரும்.

இரண்டு நிறப் பென்சில் போதும். ஒருவர் இன்னொருவரைத் தள்ளும், மடக்கும், குத்திக்காட்டும் வரிகளுக்கு ஒரு நிறம். மனசாட்சி உறுத்தும் வரிகளுக்கு இன்னொன்று. கணவனும் மனைவியும் மேடையில் தனியாக நின்று பேசுவது மொத்தமே 5 முறைதான்: அங்கம் 1-ல் காட்சி 5, காட்சி 7, அங்கம் 2-ல் காட்சி 2, அங்கம் 3-ல் காட்சி 2, அப்புறம் காட்சி 4-ன் கடைசிப் பகுதி. இந்த ஐந்தையும் முதலில் மடித்துக் குறித்துவிடுங்கள். முதல் பிரதியில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. 'மேக்பெத்தின் மனைவி' என்றும் 'சீமாட்டி' என்றும்தான் அச்சாகியிருக்கிறது.

இன்னொரு சங்கடம்: ஸ்காட்லாந்தின் பிரபுக்களுக்கு 'தேன்' என்று ஒரு பட்டம் உண்டு. தமிழில் அப்படியே எழுதினால் நாக்கில் இனிக்கும். அதனால் இங்கே 'பிரபு' என்றே சொல்கிறேன்.

படி 2: வரலாற்றைச் சட்டென்று பார்த்துவிட்டு ஓரமாக வைப்பது

உண்மையான மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். நாடகத்தில் வருவதுபோல அரசன் டங்கன் அவன் வீட்டுப் படுக்கையில் சாகவில்லை, போரில் செத்தான். மனைவியின் பெயர் க்ருவாக். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலிருந்து. அதில் மேக்பெத்தின் மனைவிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வாக்கியம்: ராணி என்ற பெயருக்கு ஏங்கினாள், புருஷனை நச்சரித்தாள். அவ்வளவுதான். விருந்தாளியாக வந்த அரசன், குடித்து மயங்கிய காவலர்கள், திட்டம் சொல்லிக்கொடுக்கும் மனைவி இதெல்லாம் அதே நூலில் வேறு ஒரு கொலையிலிருந்து, டான்வால்ட் என்பவன் டஃப் என்ற அரசனைக் கொல்லவைத்த கதையிலிருந்து, வெட்டி எடுத்து ஒட்டியது.

ஆகவே இந்தத் தாம்பத்தியம் வரலாற்றில் கிடந்து எடுத்ததல்ல, ஷேக்ஸ்பியர் கட்டியது. அதில் ஒரு வரிகூடத் தற்செயல் இல்லை என்று நம்பிப் படிக்கலாம்.

படி 3: எண்ணம் முதலில் யாருக்கு வந்தது?

அங்கம் 1, காட்சி 3-க்குப் போங்கள். சூனியக்காரிகள் "காடரின் பிரபுவே, நாளைய அரசனே" என்று வாழ்த்திவிட்டு மறைகிறார்கள். கொலை என்ற பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை. காடர் பட்டம் கைக்கு வந்த செய்தி கிடைத்ததும் மேக்பெத் தனக்குள் பேசிக்கொள்கிறான்: இந்த எண்ணத்துக்கு நான் ஏன் இடம் கொடுக்கிறேன், நினைத்தாலே மயிர் குத்திட்டு நிற்கிறதே, நெஞ்சு விலா எலும்பில் மோதுகிறதே என்று. 'கொலை' என்ற சொல்லை முதலில் மனதில் உருட்டுபவன் அவன்தான். அடுத்த காட்சியில் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்ததும், "நட்சத்திரங்களே, வெளிச்சத்தை மூடுங்கள், என் கறுத்த ஆசைகள் தெரிய வேண்டாம்" என்கிறான். மனைவி இன்னும் மேடைக்கே வரவில்லை. தலையணை மந்திரக் கதை இங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

இப்போது காட்சி 5-ல் அவள் கையில் இருக்கும் கடிதம். இதை மூன்று முறை படியுங்கள். முதல் முறை, என்ன இருக்கிறது என்று. இரண்டாம் முறை, என்ன இல்லை என்று. சூனியக்காரிகளைப் பார்த்தபோது மேக்பெத்தோடு கூட இருந்த தளபதி பாங்க்வோ; நாம் கேட்கும் பகுதியில் அவனே இல்லை. பாங்க்வோவின் பிள்ளைகள்தான் பின்னால் அரசாளுவார்கள் என்று அதே சூனியக்காரிகள் சொன்னார்கள். அந்த வில்லங்கத்தை அவன் மனைவிக்கு எழுதவில்லை. டங்கனைப் பற்றித் தனக்கு வந்த எண்ணத்தையும் எழுதவில்லை. மூன்றாம் முறை, அவளை எப்படி அழைக்கிறான் என்று பாருங்கள்: "மேன்மையில் என் அருமைக் கூட்டாளியே." 'உனக்கு' வாக்களிக்கப்பட்ட மேன்மையை நீ அறியாமல் இருந்துவிடக் கூடாது, இதை நெஞ்சில் வைத்துக்கொள், என்று முடிக்கிறான். தனக்குக் கிடைத்த வாக்கு அவளுக்கான வாக்காக மாறிவிடுகிறது!

என் பென்சிலில் முதல் தள்ளல் இந்தக் கடிதம்தான். தான் நினைத்ததைச் சொல்லாமல், அவளே நினைக்கும்படி விட்டுவிடுவது. குடும்பங்களில் இதைப் பார்த்திராதவர் யார்? "நான் ஒன்றும் சொல்லவில்லை, நீதான் சொன்னாய்" என்று பிற்பாடு சொல்ல இடம் வைத்துக்கொண்டே பேசுவது.

கடிதத்தை முடித்ததும் அவள் சொல்வது பிரபலம்: உன் சுபாவத்தில் மனித இரக்கம் என்ற பால் அதிகம், சீக்கிரம் வா, உன் காதில் என் வீரியத்தை ஊற்றுகிறேன் என்கிறாள். அப்புறம் இருட்டின் சக்திகளைக் கூப்பிட்டு, என் பெண்மையை எடுத்துவிடு, மன உறுத்தல் நுழையும் வழியை அடைத்துவிடு என்று வேண்டுகிறாள். இந்த இடத்தில் எந்தப் பென்சிலை எடுப்பீர்கள்? நான் இரண்டாவதை எடுப்பேன். பிறவியிலேயே கல்நெஞ்சாக இருப்பவள் கல்நெஞ்சு வேண்டும் என்று கேட்க மாட்டாள். உறுத்தும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

அவன் வந்ததும் நடக்கும் பேச்சு மிகச் சின்னது. "டங்கன் இன்று ராத்திரி இங்கே வருகிறார்." "எப்போது கிளம்புகிறார்?" "நாளைக்கு, அப்படித்தான் எண்ணியிருக்கிறார்." அந்த 'எண்ணியிருக்கிறார்' என்ற வாலைக் கவனியுங்கள். கதவை லேசாகத் திறந்து வைக்கிறான். அவள் முழுதாகத் திறக்கிறாள்: அந்த விடியலைச் சூரியன் பார்க்கப் போவதில்லை. அவன் பதில், "அப்புறம் பேசுவோம்." வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

படி 4: காட்சி 7, ஒவ்வொரு அடியாக

நாடகத்தின் இதயம் இது. இங்கே நேரம் செலவழியுங்கள்.

காட்சி தொடங்கும்போது மேக்பெத் தனியாக நின்று கொலைக்கு எதிரான காரணங்களை அடுக்குகிறான். செய்தது நம்மிடமே திரும்பி வரும். நான் அவருக்கு உறவினன், குடிமகன், இன்று விருந்து வைப்பவன், கதவைச் சாத்திக் காக்க வேண்டியவனே கத்தியை எடுப்பதா. அவர் நல்ல அரசர் வேறு. அத்தனையும் உண்மையான மனசாட்சி. மனைவி உள்ளே வருகிறாள். "இந்தக் காரியத்தில் இதற்கு மேல் போக வேண்டாம்" என்கிறான். காரணம் கேட்டால்? இப்போதுதான் அரசர் எனக்கு மரியாதை செய்திருக்கிறார், ஊரில் நல்ல பெயர் கிடைத்திருக்கிறது, புதுசாக இருக்கும்போதே கழற்றி எறிவானேன் என்கிறான். உறவு, விருந்தோம்பல், நியாயம், எதையும் அவளிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு பேச்சையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். தன் மனசாட்சியை அவன் மனைவியிடமிருந்து ஒளிக்கிறான். அவளும் அவன் சொன்ன காரணத்தோடுதான் மோத முடியும். சொல்லாததோடு மோத வழியில்லை.

அவள் பதிலை நகர்வு நகர்வாகப் பிரிக்கலாம். முதலில் கேலி: நீங்கள் உடுத்தியிருந்த அந்த நம்பிக்கை என்ன, குடித்திருந்ததா? தூங்கி எழுந்து இப்போது முகம் வெளுத்து நிற்கிறதா? அடுத்து அன்பின் மேல் ஒரு கை: இந்த நிமிடத்திலிருந்து உன் காதலையும் இப்படித்தான் எடை போடுவேன். அடுத்து கோழை என்ற சொல்: மீனும் வேண்டும், கால் நனையவும் கூடாது என்று நின்ற பழமொழிப் பூனை மாதிரி.

மூல ஆங்கிலம் பக்கத்தில் வேண்டும் என்று சொன்னேனே, அது இதற்குத்தான். அந்தக் கால ஆங்கிலத்தில் 'யூ' என்றும் 'தௌ' என்றும் இரண்டு முன்னிலை. ஏறத்தாழ நம் நீங்கள், நீ. காட்சியை அவள் 'யூ' என்று தொடங்குகிறாள். கேலியும் 'யூ'தான். 'காதல்' என்ற சொல் வரும் அதே வரியில் 'தௌ'வுக்கு இறங்குகிறாள். கோழை, பூனை எல்லாம் 'தௌ'. பிறகு மறுபடி 'யூ'. புருஷனை நீங்கள் என்றே அழைத்துப் பழகிய ஒரு பெண் சட்டென்று "உனக்குப் பயமா?" என்றால் நம் காதில் எப்படி விழும்! ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த இரண்டும் நம் மொழியில் போல அவ்வளவு கறாராகப் பிரியவில்லை, அடிக்கடி கலந்து வரும்; ஆகவே ஒவ்வொரு மாற்றத்திலும் அர்த்தம் தேட வேண்டாம். ஆனால் இந்த ஓர் இடத்தில் இறக்கம் வரும் தருணம் மிகத் துல்லியம். இந்தக் காட்சிக்குப் பிறகு அவள் அவனிடம் 'தௌ' சொல்லும் இடத்தைத் தேடிப் பாருங்கள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவன் ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறான்: மனிதனுக்குத் தகுந்த எதையும் செய்யத் துணிவேன், அதற்கு மேல் துணிகிறவன் மனிதனே இல்லை. நாடகத்திலேயே அவன் சொல்லும் மிகச் சரியான வாக்கியம். அவள் அந்த 'மனிதன்' என்ற சொல்லையே பிடுங்கிக்கொள்கிறாள். அப்படியானால் இதை என்னிடம் முதலில் சொன்னது எந்த மிருகம்? அன்றைக்குத் துணிந்தீர்களே, அன்றைக்குத்தான் ஆண்பிள்ளை. அவன் 'மனிதன்' என்று சொன்னது அவள் வாயில் 'ஆண்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அந்தச் சறுக்கல் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தமிழில் மொழிபெயர்க்கும்போது இரண்டு சொல் வேண்டியிருப்பதால் நமக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. மொழிபெயர்ப்பில் படிப்பதற்கும் சில லாபங்கள் உண்டு.

அவன் எப்போது சொன்னான்? நமக்குக் காட்டப்படவில்லை. நேரமும் இடமும் கூடி வராத ஒரு சமயத்தில் அவனே பேச்சை எடுத்ததாக அவள் சொல்கிறாள். நாடகம் தொடங்கும் முன்பா, மேடைக்கு வெளியிலா, அல்லது அவள் புளுகுகிறாளா என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: அவன் மறுக்கவில்லை.

அடுத்து வருவதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும் வரி. குழந்தைக்குப் பால் கொடுத்தவள் நான். உங்களைப் போலச் சத்தியம் செய்திருந்தால், அது என் முகம் பார்த்துச் சிரிக்கும்போதே பிடுங்கி மண்டையை உடைத்திருப்பேன். நாடகத்தில் இவர்களுக்குக் குழந்தை இல்லை. கொடுத்த பால் எங்கே, அந்தக் குழந்தை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கொடூரம் என்று மட்டும் இதைக் குறித்துவிட்டு நகராதீர்கள். தன்னிடம் இருப்பதிலேயே மென்மையான நினைவை எடுத்து ஆயுதமாக்குகிறாள். இதற்கு எதிராக எந்தக் கணவன் என்ன சொல்ல முடியும்?

"நாம் தோற்றுவிட்டால்?" என்கிறான். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. 'செய்யலாமா' என்ற கேள்வி 'செய்ய முடியுமா' என்று மாறிவிட்டது. அவள் உடனே குரலை மாற்றி, காவலர்களுக்கு மது, கத்தி, பழி என்று திட்டத்துக்குத் தாவுகிறாள். முழுக் காட்சியையும் திரும்பப் பாருங்கள்: கொலை சரி என்று அவள் ஒரு முறைகூட வாதாடவில்லை. அவன் யார் என்பதைப் பற்றித்தான் வாதாடினாள்.

படி 5: கொலை முடிந்த ராத்திரி

அங்கம் 2, காட்சி 2-ஐ இருவராகச் சத்தமாகப் படிக்க வேண்டும். கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கும். "பேசினீர்களா?" "எப்போது?" "இப்போது." "இறங்கும்போதா?" "ஆமாம்." மூச்சு வாங்கும் வரிகள்.

கொலைக் காட்சி மேடையில் இல்லை. அதனால் அதன் பின்விளைவு முழுவதும் இந்த இருவர் மேல்தான் விழுகிறது. அவனுக்கு ஒரு குரல் கேட்டிருக்கிறது: இனித் தூக்கம் இல்லை, மேக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான். 'ஆமென்' சொல்ல வாய் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவள் கண்ணோ அவன் கையில் இருக்கும் கத்திகளில். அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். திரும்பப் போக மாட்டேன் என்கிறான். அவளே வாங்கிக்கொண்டு போகிறாள்.

ஆனால் இரண்டாவது பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள். காட்சியின் தொடக்கத்திலேயே அவள் தைரியத்துக்குக் குடித்திருக்கிறாள். தூங்கும்போது அந்த முகம் என் அப்பாவைப் போல இல்லாமல் இருந்திருந்தால் நானே முடித்திருப்பேன் என்று முணுமுணுக்கிறாள். இப்படியெல்லாம் யோசித்தால் நமக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவனை அதட்டுகிறாள். அந்த 'நமக்கு' யாருக்குப் பலிக்கிறது என்பது கடைசி அங்கத்தில் தெரியும்.

கடல் முழுவதும் ஊற்றினாலும் இந்தக் கை சுத்தமாகாது, கடல்தான் சிவக்கும் என்கிறான் அவன். கொஞ்சம் தண்ணீர் போதும், என்கிறாள் அவள். இந்த இரண்டையும் அடிக்கோடிட்டுப் பக்க எண்ணை அட்டையின் உள்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

மறுநாள் காலை, காட்சி 3-ல், அவன் திட்டத்திலேயே இல்லாத ஒன்றைச் செய்கிறான்: காவலர்கள் இருவரையும் கொன்றுவிடுகிறான். அவளிடம் கேட்கவில்லை. அவள் மயங்கி விழுகிறாள். நடிப்பா, நிஜமா? இரண்டு விதமாகவும் நடித்திருக்கிறார்கள். அவள் எழுதிக் கொடுத்த திட்டத்தை விட்டு அவன் முதன்முதலாக விலகியது இங்கேதான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: பாடம் படித்த மாணவன்

அங்கம் 3, காட்சி 1-ஐப் பலரும் வேகமாகப் புரட்டுவார்கள். கொலையாட்களோடு பேசுவதுதானே என்று. நின்று படியுங்கள். பாங்க்வோவைக் கொல்ல அவர்களை எப்படி ஏற்றிவிடுகிறான்? "நாங்களும் மனிதர்கள்தான் அரசே" என்கிறான் ஒருவன். ஆமாம், பட்டியலில் மனிதர்கள்தான், நாய்ப் பட்டியலில் வேட்டை நாயும் தெருநாயும் ஒன்றாக இருக்கிற மாதிரி, என்கிறான் மேக்பெத். நீ ஆம்பிளையா என்ற அதே சாவி. மனைவி தன்னிடம் போட்ட பூட்டைக் கழற்றி இப்போது அடுத்தவனுக்குப் போடுகிறான். கணவன் மனைவியிடம் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுவாகப் போனதைவிடக் கசப்பான இடம் இந்த நாடகத்தில் எனக்கு இல்லை.

அடுத்த காட்சியில்தான் அவள் நேரம் கேட்டு ஆள் அனுப்புகிறாள். காத்திருக்கும்போது தனக்குள் சொல்கிறாள்: எல்லாம் செலவாயிற்று, கையில் ஒன்றும் இல்லை, கொன்றுவிட்டுச் சந்தேகமான சந்தோஷத்தில் இருப்பதைவிடக் கொல்லப்பட்டவராக இருப்பது நிம்மதி. அவன் உள்ளே வருகிறான். உடனே முகம் மாறுகிறது: ஏன் எப்போதும் தனியாக இருக்கிறீர்கள், தீராததை நினைத்து என்ன பயன், நடந்தது நடந்துவிட்டது. அதற்கு அவன் என்ன சொல்கிறான்? டங்கன் கல்லறையில் நிம்மதியாகத் தூங்குகிறார், அவரோடு இருப்பதே மேல் என்கிறான்.

சற்று முன் அவள் தனியாகச் சொன்னது வேறு என்ன? ஒரே ராத்திரியில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது வேறு நாடகம். சொல்லவில்லை. தைரியம் சொல்லும் வேடத்தைக் கட்டிக்கொண்டவள் அவள், கழற்ற முடியவில்லை.

பிறகு அவன் பாங்க்வோ விஷயத்தில் ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்று கோடி காட்டுகிறான். "என்ன செய்யப் போகிறீர்கள்?" "உனக்குத் தெரிய வேண்டாம், கண்ணே. முடிந்ததும் கை தட்டு." மூலத்தில் 'சக்' என்று ஒரு செல்லச் சொல், கோழிக்குஞ்சை அழைப்பது போல. இது அவளைக் காப்பாற்றுவதா, ஒதுக்குவதா? இரண்டும்தான் என்பேன். கொஞ்சலாலேயே கதவைச் சாத்துகிறான். 'மேன்மையில் கூட்டாளி' எங்கே, 'கோழிக்குஞ்சு' எங்கே.

படி 7: விருந்து, ஆயுதம் மழுங்கும் இடம்

அங்கம் 3, காட்சி 4. பாங்க்வோவின் ஆவி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. மேக்பெத்துக்கு மட்டும் தெரிகிறது. அவள் ஓடி வந்து காதோரம் சொல்வது: "நீங்கள் ஆம்பிளையா?" பாட்டி குளிர்காலத்தில் அடுப்படியில் சொல்லும் கதைக்குப் பயப்படுகிறீர்களே, வெட்கம்! அங்கம் 1-ல் ஒரே காட்சியில் வேலையை முடித்த அதே வார்த்தைகள் இங்கே ஒன்றும் செய்வதில்லை. அவனுக்கு இப்போது பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

இதை 'கேஸ்லைட்டிங்' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. ஒருவர் கண்ணால் கண்டதை வேண்டுமென்றே பொய்யாக்குவதுதான் அது. அவளுக்கு ஆவி உண்மையிலேயே தெரியவில்லை. பாங்க்வோ செத்ததையும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. எதை மறைக்க வேண்டும் என்றே தெரியாமல் மறைக்கப் பார்க்கிறாள்.

விருந்தாளிகளை, வரிசை மரியாதை பார்க்காமல் கிளம்புங்கள் என்று துரத்திய பிறகு இருவரும் தனியாக. இங்கே அவள் பேசும் வரிகளை எண்ணுங்கள், கைவிரல் மிஞ்சும். ஒரு ஏச்சுகூட இல்லை. "அவருக்கு ஆள் அனுப்பினீர்களா, ஐயா?" என்று விருந்துக்கு வராத பிரபு மெக்டஃப்பைப் பற்றிக் கேட்கிறாள். ஐயா! ரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்துவிட்டேன், திரும்பினாலும் அதே தூரம்தான், என்கிறான் அவன். உங்களுக்குத் தூக்கம் இல்லை, என்கிறாள். வா, தூங்கப் போவோம், என்கிறான். அதற்குப் பிறகு அவர்களை நாம் சேர்ந்து பார்ப்பதே இல்லை. அங்கம் 4 முழுவதும் அவள் மேடையில் இல்லை.

படி 8: தூக்கத்தில் நடப்பவளின் பேச்சுக்கு அகராதி

அங்கம் 5, காட்சி 1-க்கு ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவள் தூக்கத்தில் பேசும் ஒவ்வொரு வரி. வலப்பக்கம் அது எந்தக் காட்சியிலிருந்து வருகிறது. "போர்வீரர், உங்களுக்குப் பயமா?" அங்கம் 1-ன் வாடை. "கையைக் கழுவுங்கள், இரவு அங்கியைப் போடுங்கள்" கொலை ராத்திரி. "இப்படித் திடுக்கிட்டு எல்லாவற்றையும் கெடுக்கிறீர்கள்" விருந்து. "பாங்க்வோவைப் புதைத்தாயிற்று." "ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போது எங்கே?" இது மெக்டஃப்பின் மனைவி, அந்தக் கொலையில் இவளுக்குப் பங்கே இல்லை. அவன் தனியாகச் செய்ததற்கும் இவள் கை கழுவுகிறாள். கால் மணி நேரம் தேய்ப்பாள் என்கிறாள் பணிப்பெண். "கொஞ்சம் தண்ணீர் போதும்" என்று சொன்ன கை, இப்போது அரேபியாவின் வாசனைத் திரவியம் அத்தனையும் ஊற்றினாலும் மணக்காது. அட்டையில் எழுதிவைத்த பக்க எண் இப்போது உதவும்.

தாளை நிரப்பி முடித்தால் ஒன்று தெரியும்: பாதி வரிகள் அவனிடம் பேசுபவை. தூக்கத்திலும் அவள் அவனைச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். கடிதம் வந்த காட்சியில் "அடர்ந்த இரவே வா" என்று இருட்டைக் கூப்பிட்டவள், இப்போது பக்கத்தில் விளக்கு அணையவே கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறாள். செய்யுளில் பேசியவள் இங்கே உரைநடையில் உடைந்து பேசுகிறாள். 1785-ல் லண்டனில் சாரா சிடன்ஸ் இந்தப் பாத்திரத்தில் நடித்தபோது, கை தேய்ப்பதற்காக மெழுகுவத்தியைக் கீழே வைத்தார். அதுவரை இருந்த மரபு அதைக் கையிலேயே வைத்திருப்பது. அரங்கை நடத்திய ஷெரிடன் தடுத்துப் பார்த்தார். இரண்டு கையும் இல்லாமல் எப்படிக் கழுவுவது? சிடன்ஸ்தான் ஜெயித்தார்.

உளப்பகுப்பாய்வாளர் பிராய்ட் 1916-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இருவரும் ஒரே மனதின் இரண்டு துண்டுகள் போல என்ற யோசனையை எடுத்துப் பேசுகிறார். இனித் தூக்கமில்லை என்ற குரல் கேட்டது அவனுக்கு, தூக்கம் கெட்டு நடப்பது அவள். கடலும் கழுவாது என்றவன் அவன், கழுவிக்கொண்டே இருப்பது அவள். குற்றவுணர்வு கை மாறியது என்று நான் சொன்னது இதைத்தான். ஒழுக்கக்கேட்டை நினைத்தால் கை கழுவத் தோன்றும் என்று 2006-ல் ஓர் ஆய்வு வந்து 'மேக்பெத் விளைவு' என்று பெயர் பெற்றது. பின்னால் மறுபடி செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. அதை வைத்துக் கட்டுரை எழுதாதீர்கள்.

படி 9: அவள் சாவுக்கு அவன் கொடுத்த நேரம்

அதே அங்கம் 5, காட்சி 3-ல் மேக்பெத் மருத்துவரிடம், "உங்கள் நோயாளி எப்படி இருக்கிறாள்?" என்கிறான். என் மனைவி என்றல்ல. மனதில் வேர்விட்ட துக்கத்தைப் பிடுங்க மருந்து இல்லையா என்று அவன் கேட்கும்போது அது அவளுக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

காட்சி 5-ல் பெண்களின் அலறல். ராணி இறந்துவிட்டாள். "அவள் பிறகு செத்திருக்க வேண்டும்" என்கிறான். ஆங்கில வரி இரண்டு பக்கமும் சாயும்: என்றைக்கானாலும் சாகத்தான் போகிறாள் என்றும், இதைக் கேட்டு அழ நேரமுள்ள ஒரு காலத்தில் செத்திருக்கலாமே என்றும். நேரம் கேட்டு ஆள் அனுப்பியவளுக்குக் கடைசியிலும் நேரம் கிடைக்கவில்லை.

அவளே தன் உயிரை எடுத்துக்கொண்டதாக நாடகத்தின் முடிவில் மால்கம் சொல்கிறான், அதுவும் 'என்று பேசிக்கொள்கிறார்கள்' என்ற வாலோடு. 'பேய் போன்ற ராணி' என்ற பட்டமும் அவன் கொடுப்பதுதான். ஜெயித்தவன், அப்பாவைப் பறிகொடுத்தவன், அவன் வேறெப்படிச் சொல்வான்? ஆனால் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான் நான் பரீட்சை எழுதினேன்.

படி 10: ஒரு மேசை, இரண்டு நாற்காலி

கடைசியாக ஒரு பயிற்சி. நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு எதிரெதிராக உட்காருங்கள். அங்கம் 1, காட்சி 7-ஐ இருவரும் சத்தமாகப் படியுங்கள். முடிந்ததும் மேக்பெத்தாகப் படித்தவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடட்டும். மற்றவர் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி, தூக்கத்தில் நடக்கும் காட்சியில் அவளுடைய வரிகளை மட்டும், மருத்துவரையும் பணிப்பெண்ணையும் விட்டுவிட்டு, அவன் எதிரில் இருப்பதாகவே நினைத்துப் படிக்கட்டும். அவசரம் வேண்டாம். முடிவில் வாசல் கதவு தட்டுவதாக அவளுக்குக் கேட்கும். "வாருங்கள், வாருங்கள், கையைக் கொடுங்கள்" என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் படிப்பவர் உண்மையாகவே மேசைக்கு மேல் கையை நீட்ட வேண்டும்.